கட்டைவிரல் பக்கம்

மச்சினனின் கையில் எழுதியது சோப்புக்கு அழியவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க மாமா," என்று அவன் சோபாவில் படுத்தபடியே ஒத்துழைத்தான். ஒத்துழைப்பு என்பது கையை நீட்டியதோடு சரி.

மேனேஜர் வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்தார். நுரைதான் கறுத்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, இரண்டு கைகளிலும், அவருடைய குண்டு குண்டான எழுத்தில் எலும்புகளின் பெயர்கள் அப்படியே இருந்தன. ஆபீஸில் அட்டைப்பெட்டி மேல் எழுதுகிற மார்க்கரைக் கொண்டுவந்து மனுஷன் மேல் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

அவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது ஒரு மணிக்கட்டு.

மேனேஜர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவப் பிரிவின் தலைவர். யாருடைய எலும்பு முறிவுக்குப் பணம் கொடுக்கலாம், யாருக்குக் கையை விரிக்கலாம் என்று முடிவு செய்பவர். பெரும்பாலும் விரிப்பார். ஸ்கேஃபாய்டு உடைந்துவிட்டது என்று ஒரு பெண்மணி விண்ணப்பித்தபோது, அது தைராய்டுக்குப் பங்காளி போலிருக்கிறது என்று நினைத்து, 'சுரப்பி உடையாது, நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அது மணிக்கட்டில் இருக்கும் ஒரு சின்ன எலும்பு. அந்த அம்மாள் கட்டுப் போட்ட கையோடு நேராக டைரக்டர் அறைக்குப் போய்விட்டாள்.

டைரக்டர் சத்தம் போடவில்லை. உடற்கூறும் உடலியங்கியலும் சேர்த்துச் சொல்லித்தரும் கல்லூரித் தீவிரப் படிப்பில் மேனேஜரைச் சேர்த்துவிட்டார். கூடவே அவருடைய உதவியாளனையும் சேர்த்தார்.

"ரெண்டு பேரும் பாஸானா இப்ப இருக்கற மாதிரியே இருங்க. ஒருத்தர்தான் பாஸானா, அவர்தான் மேனேஜர்."

உதவியாளனை ஆபீஸில் எல்லோரும் 'நகல்' என்பார்கள். மேனேஜரைப் போலவே தலை சீவுவான், மேனேஜரைப் போலவே சட்டை போடுவான், மேனேஜர் இருமினால் அடுத்த மேஜையில் அவனும் இருமுவான். அவருடைய நாற்காலி மேல் அவனுக்கு ஆசை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் டைரக்டர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து, அந்த இருமலில்கூட மேனேஜருக்குச் சதி கேட்க ஆரம்பித்தது.

படிப்போ காட்டாற்று வேகத்தில் ஓடியது. திங்கட்கிழமை இதயம், செவ்வாய்க்கிழமை நுரையீரல். புதன்கிழமை ஜலதோஷம் என்று வீட்டில் இருந்தால், ஒரு ஜோடி சிறுநீரகம் கைவிட்டுப் போய்விடும். பேராசிரியை மூச்சு விடாமல் மூச்சு விடுவதைப் பற்றி நடத்தினார். மேனேஜர் ஒரு காதில் வாங்கிய எலும்பு மற்றொரு காது வழியாக முழுசாக வெளியே போனது. காதில் எத்தனை எலும்பு என்பதும் அதோடு போயிற்று.

எழுத்துத் தேர்வில் எப்படியோ தப்பித்துவிட்டார். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு. அதில்தான் முக்கால்வாசி மதிப்பெண். தலைப்பு, முன்கையும் மணிக்கட்டும். அந்த மணிக்கட்டு அவரை விடுவதாக இல்லை.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் தொப்பை மேல் கைகளை வைத்து மல்லாந்து கிடந்த மச்சினன் மேல் அவருடைய பார்வை விழுந்தது. வேலை போன நாளிலிருந்து அவன் அந்த சோபாவில்தான் இருந்தான். இத்தனை நாளில் அவனால் வீட்டுக்கு ஒரு உபயோகம் தோன்றியது அன்றைக்குத்தான்.

"என்னங்க இது?" சமையலறையிலிருந்து வந்த மனைவி தம்பியின் கையைப் பார்த்து நின்றுவிட்டாள். "நாளைக்கு அவனுக்கு இன்டர்வியூங்க. இப்படி அனுப்பினா எவன் வேலை குடுப்பான்?"

"அழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"இவ்வளவு பெரிய ஆபீசர், அழியிற பேனாவா பார்த்து எடுக்கத் தெரியலை."

அவள் போய் நகச்சாயம் அழிக்கிற திரவத்தைக் கொண்டுவந்தாள். பாட்டிலில் அடிமண்டிதான் இருந்தது. தேய்த்ததில் எழுத்து அழியுமுன் பாட்டில் காலியாகிவிட்டது. தோல் சிவந்து, சிவப்புக்கு நடுவில் கறுப்பு எழுத்து முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

"இப்பத்தான் நல்லா படிக்க முடியுது," என்றான் மச்சினன்.

"புது பாட்டில் வாங்கிட்டு வர்றேன்," என்ற மனைவி, மேஜை மேல் விரித்துக் கிடந்த பாடப்புத்தகத்தைப் பார்த்தாள். தம்பியின் கையைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, படத்துல உள்ளங்கை நம்ம பக்கம் பார்த்த மாதிரி இருக்கு. கட்டைவிரல் வெளிப்பக்கம். இவன் கையைக் கவுத்து வச்சுப் படுத்திருந்தான், கட்டைவிரல் உள்பக்கம். நீங்க பாட்டுக்கு வெளிப்பக்கத்துப் பேரை வெளிப்பக்கமே எழுதியிருக்கீங்க."

"அதனால?"

"அதனால கட்டைவிரல் பக்கம் இருக்க வேண்டியதெல்லாம் சுண்டுவிரல் பக்கம் இருக்கு. சுண்டுவிரல் பக்கத்துது கட்டைவிரல் பக்கம் இருக்கு. எல்லாமே இடம் மாறிப் போச்சு."

மேனேஜர் புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மத்தியானம் முழுக்க உருப்போட்டது அத்தனையும் தப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் பரீட்சை. முதலிலிருந்து படிக்கலாம்தான், ஆனால் அவர் முதலிலிருந்து எதையும் செய்து பழகியவர் இல்லை. சற்று நேரம் கண்ணை மூடி யோசித்தார். முகம் தெளிந்தது.

"ஒண்ணும் பிரச்சினை இல்லை. நான் எழுதினதுக்கு நேர் எதிரா எழுதினா சரியாப் போச்சு."

"சரி, கட்டைவிரல் பக்கம் இருக்கற எலும்பு ரேடியஸா, அல்னாவா?"

"நான் எழுதினதுக்கு எதிர்."

"எழுதினது என்ன?"

"அதான் அவன் கையில இருக்கே," என்றார் மேனேஜர்.

ஞாயிற்றுக்கிழமை என்று கடை மூடியிருந்ததால், மறுநாள் மச்சினன் எழுத்து போகாத கையை மறைக்க மேனேஜரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனான். சட்டைப் பொத்தானை மணிக்கட்டுவரை இறுக்கிப் பூட்டி அனுப்பினார் மேனேஜர். சாயங்காலம் அவன் வேலையோடு வந்ததைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன வேலைடா?"

"சும்மா நிக்கணும்க்கா. எங்கேன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. நாளைக்கே வரணுமாம்."

"உட்காரவே சோம்பல்படறவன் நிக்கப் போறானாம்," என்றார் மேனேஜர். எங்கோ வாட்ச்மேன் வேலை என்று முடிவுகட்டிக்கொண்டு படுக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தபோது மச்சினன் கிளம்பிப் போயிருந்தான். சட்டைப்பையில் வைத்திருந்த மார்க்கரைக் காணவில்லை. தேட நேரம் இல்லாமல், கிடைத்த பேனாவை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினார்.

பரீட்சைக் கூடத்தின் நடுவில் ஒரு திரை கட்டியிருந்தது. பேராசிரியை அதன் முன்னால் கடுகடுவென்று நின்றார்.

"இந்தத் தடவை எலும்புக்கூடு கிடையாது. உயிரோட இருக்கற ஆளைப் பார்த்து, கையில எந்த எலும்பு எந்த இடத்துல இருக்குன்னு எழுதப் போறீங்க. அது உங்களுக்கு முன்கூட்டித் தெரியக்கூடாதுன்னு ரகசியமா வச்சிருந்தோம். ஆனா, வந்தவர் கையில ஏதேதோ எழுதிட்டு வந்திருக்கார். அழிச்சுப் பார்த்தோம், போகலை. இந்த நேரத்துல வேற ஆளுக்கு நான் எங்கே போறது? எழுதியிருக்கறது சரியா தப்பான்னு சொல்ல மாட்டேன். பாடம் தெரிஞ்சவங்க அதைப் பார்க்க மாட்டாங்க. தெரியாதவங்க பார்த்தும் பிரயோஜனம் இல்லை."

திரை விலகியது.

அரைக்கால் சட்டையோடு ஒரு பெட்டி மேல் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். உள்ளங்கைகளை முன்பக்கம் திருப்பி, படத்தில் இருப்பது போலவே அப்பழுக்கில்லாமல் நின்றான். மேனேஜரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பேராசிரியைக்குப் பயந்து சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

முழங்கை முதல் மணிக்கட்டு வரை அந்தக் குண்டு எழுத்து. கூடத்தின் வெளிச்சத்தில் கருகருவென்று துலக்கமாகத் தெரிந்தது. தன் சொந்தக் கையெழுத்தை இவ்வளவு பிரியத்தோடு மேனேஜர் என்றைக்கும் பார்த்ததில்லை.

வகுப்பு முழுவதும் பேனாவைக் கடித்தபடி தவித்தது. நம்பலாமா, கூடாதா? அந்தக் கூடத்தில் பதில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அத்தனையும் தலைகீழ். கட்டைவிரல் பக்கம் உள்ளதைச் சுண்டுவிரல் பக்கத்துக்கும், அங்கே உள்ளதை இங்கேயும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே போனார். இவ்வளவு சுகமாக அவர் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"சார்," என்று நகல் கிசுகிசுத்தான். "எனக்கு எந்தப் பேர் எந்தப் பக்கம்னு குழப்புது. அந்தக் கையில இருக்கறதை அப்படியே எழுதலாமா சார்?"

மேனேஜர் திரும்பி அவனைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். அவன் தோற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டு பேரும் தேறினால் நாற்காலி அவரிடமேதான் இருக்கும். ஆனால் அந்த இருமல் ஆபீஸில் இனி கேட்கவே கூடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"தாராளமா எழுது. ஒரு எழுத்து மாத்தாதே," என்றார் கனிவோடு.

நகலின் கண்கள் நன்றியில் பனித்தன.

மத்தியானமே முடிவு வந்துவிட்டது. பேராசிரியை விடைத்தாள்களோடு வந்தார்.

"எல்லாரும் பாஸ். ஒருத்தரைத் தவிர," என்றார்.

மேனேஜர் அனுதாபத்தோடு பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மேனேஜர் சார், உங்களைத்தான். நான் எத்தனையோ மக்குகளைப் பார்த்திருக்கேன். ஒண்ணுமே தெரியாம எழுதினாலும் நாலுல ரெண்டு சரியா விழும். ஒண்ணு விடாம இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண உங்களால எப்படி முடிஞ்சது?"

 யாரோ அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நகல்தான். அழுதுகொண்டிருந்தான்.

"நூத்துக்கு நூறு சார். நீங்க சொன்னபடியே ஒரு எழுத்து மாத்தலை சார். தன் நாற்காலியே போனாலும் பரவாயில்லைன்னு இன்னொருத்தனுக்கு இப்படி யார் சார் செய்வாங்க?"

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார். அங்கே மச்சினன் சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். பையில் அவருடைய மார்க்கர் இருந்தது.

"அமர்க்களமா எழுதியிருப்பீங்களே மாமா," என்றான் அவன் வெட்கத்தோடு. "இத்தனை நாள் சோறு போட்டீங்க, உங்களுக்கு நான் வேற என்ன செய்யப் போறேன்? அதான், நிக்கப் போறது உங்க பரீட்சைக்குன்னு தெரிஞ்சதால, காலையில, அக்கா நேத்து வாங்கின புது பாட்டில்ல நீங்க எழுதின தப்பையெல்லாம் சுத்தமா அழிச்சிட்டு, புத்தகத்தைப் பார்த்து உங்க கையெழுத்துலயே எல்லாத்தையும் சரியா எழுதிட்டு வந்தேன்."