வாய் திறக்காத வசூல்காரர்

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, போர்ட் பிளேரில் கப்பலேறிய பேராசிரியர் ஸ்ரீதரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் ஓர் இனம்: நன்கொடை திரட்டப் போவார், கேட்க மாட்டார். அரசு மானியம் தீர்ந்துபோய், எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதி கதவும் மின்சாரமும் இல்லாமல் நின்றது. மெயின்லேண்டில் தனியாரிடம் உதவி பெறப் புறப்பட்டார், துணைக்கு நான்.

விடுதி யாருக்கு? கட்சால் தீவிலிருந்து வந்து, போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் அத்தை வீட்டுக் கூடத்தில் படுத்துப் படிக்கும் திவ்யாவுக்கு. தையில் அந்த வீட்டுக்கு மருமகள் வருகிறாள். அதற்குள் விடுதி திறக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இந்த இனத்தார் பளபளக்கும் கையேடு கொண்டுபோவார்கள், கட்டட வரைபடம் கொண்டுபோவார்கள், ஆளுக்கொரு பொன்னாடை கொண்டுபோவார்கள், ‘பங்களிப்பு’ என்பார்கள், ‘கைகோத்தல்’ என்பார்கள், ‘நல்லுறவு’ என்பார்கள். பணம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நாக்கு வெந்துவிடுமோ? நான் சுற்றிய ஊர்களில் கோயிலும் முதியோர் இல்லமும் கூசாமல் தட்டை நீட்டின. ஆனால் இந்தக் குழுவில் எனக்குப் பொன்னாடை தூக்கும் வேலைதான்.

சென்னையில், எங்கள் கல்லூரியில் அவரிடம் படித்த நாகலிங்கம், இப்போது பெரிய கட்டட காண்ட்ராக்டர், விருந்து வைத்தார்.

“அரே சார், நம்ம காலேஜுக்கு என்ன வேணும்? சொல்லுங்க.”

“உன் அன்பு இருந்தாப் போதும்ப்பா.”

“அது இருக்கு சார். வேற?”

“அப்பப்ப வந்து போ.”

“விடுதி வேலை பாதியில…” என்று ஆரம்பித்தேன். மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

“சாப்பிடுற இடத்துல அதெல்லாமா பேசுறது? சோடோம்மா, விடு!”

நாகலிங்கம் மூன்றாம் முறை கேட்டார், என்ன வேண்டும் என்று. ஸ்ரீதர் பாயசம் கேட்டார்.

திரும்பி வந்து, ‘பயணம் மாபெரும் வெற்றி’ என்று அறிக்கை கொடுத்தார். தையில் திவ்யா பெட்டியைக் கட்டிக்கொண்டு கட்சாலுக்குப் போய்விட்டாள்.

சிரிக்காதீர்கள். சம்பளம் கூட்டிக் கேட்க முதலாளி அறைக்குப் போய், அவர் பேரனின் போட்டோவைப் பாராட்டிவிட்டுத் திரும்பி வந்தவர் நீங்கள் இல்லையா?

சித்திரையில் ஸ்ரீதருக்கு நாகலிங்கத்திடமிருந்து வாட்ஸ்அப் வந்தது:

“சார், இங்க ஒரு காலேஜுக்கு லேடீஸ் ஹாஸ்டல் கட்டிக் கொடுக்கிறேன். அடிக்கல் நாட்ட நீங்கதான் வரணும். நம்ம காலேஜுக்குச் செய்யத்தான் ஆசை, நீங்க ஒண்ணும் வேணாம்னுட்டீங்க. இவங்க கேட்டாங்க சார்.”