மிக்ஸி ஓடுகிறது, நான் நலம்

மாரண்டஹள்ளி,
சனிக்கிழமை.

அன்புள்ள காவேரிக்கு,

மாதையன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் செவலைப் பசுவும் ஒருவர் குறையை ஒருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். பெங்களூரில் நீயும், மகன் மாதவராஜும், மருமகள் ஐஸ்வர்யாவும், பேத்தியும், உன்னைப் பயமுறுத்தும் அந்த லிஃப்டும் சௌக்கியமாக இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். உன் பெயரை எழுதிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. கல்யாணம் ஆனதிலிருந்து "இந்தா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கவரின் மேல் "இந்தா" என்று எழுதினால் தபால்காரர் வாங்கமாட்டார் என்பதால் பெயரை எழுதியிருக்கிறேன், தப்பாக நினைக்காதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று ஐஸ்வர்யா கேட்பாள். போன் இருக்கிறது, அதில் நீதான் கிடைப்பதில்லை. எப்போது கூப்பிட்டாலும் மாதவராஜ் ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறான். சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்டால் மகன் "ஆச்சுப்பா" என்கிறான், மருமகள் "ஆச்சுங்க மாமா" என்கிறாள், பேத்தி தன் பொம்மையும் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்கிறாள், நீ சாப்பிட்டாயா என்பது மட்டும் கடைசி வரை தெரிவதில்லை. ஊர்க் கூட்டத்தில் மைக் பிடித்தது போல் இருக்கிறது எனக்கு. சரியென்று உனக்காகத் தனியே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால், அவனுக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறான். "ஏனுங்க, கோழி தொரத்துறாப்ல பேசுறீங்க, ஒன்னும் வெளங்கல" என்று நீயே சொன்னாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. நீ எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, முதலில் நீ படி, பிறகு அவர்களிடம் கொடு.

விஷயம் அந்தப் பெட்டியைப் பற்றியது. தீபாவளிக்கு வந்தபோது மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாதவராஜ் மாட்டிவிட்டுப் போனானே, உள்ளங்கை அளவில், அதுதான். எந்தச் சாமான் ஓடினாலும், அது இழுக்கிற கரண்டை வைத்து இது மிக்ஸி, இது மோட்டார், இது டிவி என்று கண்டுபிடித்து அவன் போனுக்குக் கோள் சொல்லிவிடும். "கரண்ட் மிச்சமாகும்ப்பா" என்றுதான் மாட்டினான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள உன்னைக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து அது கரண்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

நீ போன புதிதில் நான் ஒழுங்காகத்தான் சமைத்தேன். காலையில் களி கிண்டி, கீரையை மத்தால் கடைந்து வைத்தால் பொழுது சாயும் வரை கவலையில்லை. கேஸ் அடுப்புக்கும் களித் துடுப்புக்கும் கரண்ட் எதற்கு? டிவியும் போடவில்லை, நீ இல்லாமல் சீரியல் பார்த்தால் யார் யாருக்கு மாமியார் என்று சொல்ல ஆள் கிடையாது. இப்படி இருந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கையில் களி உருண்டையோடு உட்கார்ந்திருக்கிறேன், மாதவராஜ் கூப்பிட்டு, "அப்பா, எங்கப்பா போயிட்டீங்க?" என்றான். "வூட்லதான்டா இருக்கேன்" என்றேன். "வூட்ல யாரும் இல்லன்னு ஆப்புல மெசேஜ் வந்திருக்குப்பா" என்றான். "அப்பப் பேசிட்டிருக்கறது யாருடா, என் ஆவியா?" என்று கேட்டேன். அதற்குள் நீ போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாய். "ஏனுங்க, மிக்ஸியே ஓடலியாமே, பட்டினி கெடக்கறீங்களா?" களி தின்கிறேன் என்று சொன்னேன். "சும்மா சொல்லாதீங்க, இதுல ஒரு கோடு கூடக் காணோம்" என்று அழுதாய். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் சொல்வதை விட்டுவிட்டு, சுவரில் தொங்குகிற டப்பா சொல்வதை நம்பிவிட்டாய் பார். அதைச் செய்தவன் களி தின்னாத ஊர்க்காரன், அவனுக்கு என்ன தெரியும்.

அன்றைக்கு வந்த கோபத்தில் மறுநாள் காலை வெறும் மிக்ஸியை ஓட்டினேன். சாயந்திரமே உன் போன் வந்துவிட்டது. "இன்னிக்கி என்ன சட்னிங்க?" என்றாய். தக்காளி என்றேன். எத்தனை சந்தோஷம் உன் குரலில்! அடுத்த நாள் தேங்காய், அதற்கடுத்த நாள் புதினா, பிறகு மறுபடி தக்காளி. போட்டதையே போட்டால் உனக்குச் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். நானே யோசித்து வேர்க்கடலைச் சட்னி அரைத்த அன்று மிக்ஸி புகைந்துவிட்டது. வெறுமனே ஓட்டினால் சூடாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் பெண்டாட்டி சின்னம்மாள், "என்னங்கண்ணா, கருகுற வாட வருது?" என்று ஓடி வந்தாள். வேறு வழியில்லாமல் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மறுநாள் தன் வீட்டு அரிசியையும் உளுந்தையும் கொண்டுவந்து நம் கிரைண்டரில் ஆட்டிக்கொண்டு போனாள்.

அது உனக்கு எட்டாமல் இருக்குமா? "ஒத்த ஆளுக்கு எதுக்குங்க கிரைண்டரு? ஆரு வந்து ஆட்டுனது?" என்று சாயந்திரம் அதட்டினாய். நான்தான் இட்லிக்கு ஆட்டினேன் என்றேன். "எத்தன அரிசிக்கு எத்தன உளுந்து போட்டீங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்று மடக்கினாய். நல்ல வேளையாகச் சின்னம்மாள் மாவுக் குண்டானை எடுக்க வந்திருந்தாள். நான் கையை ஆட்டிக் கேட்க, அவள் நான்கு விரலைக் காட்டி, பிறகு ஒன்றைக் காட்டினாள். "நாலுக்கு ஒண்ணு" என்றேன். "தேறிட்டீங்க" என்றாய். ஐஸ்வர்யா கை தட்டினாள். அந்தக் கை தட்டலோடு மாதவராஜ், "அப்பாதான் நல்லாச் சமாளிக்கறாரே, ஜூன்ல பாப்பாவ ஸ்கூல்ல சேக்கற வரைக்கும் அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றான். வேண்டாமென்று நான் சொல்வேன் என்று நீ பார்த்திருப்பாய், நீ சொல்வாய் என்று நான் பார்த்தேன். மேசையைச் சுற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் என்ன சொல்வது? "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

இதோடு போயிற்றா என்றால் இல்லை. போன வாரம் லைனில் மராமத்து என்று காலையிலிருந்து ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாதாமாதம் நடப்பதுதான், உனக்கே தெரியும், ஆனால் ஊரை விட்டுப் போனதும் மறந்துவிட்டாய். பெட்டியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்றதும் எனக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சார்ஜ் இல்லாத போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். உடனே நீ பச்சியப்பனைக் கூப்பிட்டுக் கத்த, அவன் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து, வேட்டி கிழிந்து, வீட்டில் நான் இல்லை என்றதும் கிணற்றடிக்கு ஓடி, கூடவே தெருவில் பாதிப் பேர் ஓடியிருக்கிறார்கள். சாயந்திரம் நான் வந்து சேர்ந்தபோது கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம். நானும் அவர்களுக்குப் பின்னால் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "யாரு விழுந்தது?" என்று கேட்டேன். பச்சியப்பன் என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டான். தக்காளி என்ன விலை போகிறது என்று பார்க்க மண்டிக்குப் போயிருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆகவே மாதவராஜிடம் சொல்லி அந்தப் பெட்டியைக் கழற்றச் சொல். கழற்ற அவனுக்கு நேரமில்லை என்றால் நம் ஒயர்மேன் ராஜாமணியை வைத்து நானே கழற்றிவிடுகிறேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. களி கிண்டுகிறேன், வயிறாரச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். ஜூன் மாதம் என்ன, பாப்பா ஒன்றாம் வகுப்பு போகிற வரை வேண்டுமானாலும் நீ அங்கே இரு. ஆம்பிளை ஒருத்தன் தனியாக இருக்க முடியாதா என்ன.

மாதவராஜுக்கும் ஐஸ்வர்யாவுக்கும் என் ஆசி. பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம், அவள் பொம்மைக்கு ஒன்று. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், லிஃப்ட் நடுவில் நிற்காமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாதையன்

பின்குறிப்பு: இந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள், மற்றதை மகனிடம் கொடு. மேலே எழுதியதில் பாதி பொய். ஒரு ஆளுக்குக் களி கிண்டினால் பாதி சட்டியில் ஒட்டிக்கொள்கிறது, மீதியைத் தின்னத் தோன்றவில்லை. கிண்டுவதை விட்டு வெகு நாளாயிற்று. டீக்கடை பன்தான். கரண்ட் நின்ற அன்று நான் மண்டிக்குப் போகவில்லை. அன்றைக்கு எதையும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்றதும் ஓசூர் பஸ் ஏறிவிட்டேன். அங்கிருந்து பெங்களூர் வந்து உன் வாசலில் நிற்கலாம் என்றுதான். ராயக்கோட்டை வரும்போது, பசுவை யார் கறப்பது என்று ஒரு யோசனை. அதைவிட, கதவைத் திறந்ததும் எல்லோரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பெரிய யோசனை. இறங்கி ரொம்ப நேரம் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீ போனில் தலையில் அடித்துக்கொண்டு அழுததாகச் சின்னம்மாள் சொன்னாள். பாவிதான் நான், கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காவேரி, நீ இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் இத்தனை நேரம் கரண்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வந்துவிடு.