நாற்பத்து மூன்று குறையுள்ள படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு பெட்டிகளும் சௌக்கியம். அங்கே நீயும் உன் கோபமும் சௌக்கியமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உன்னை நினைத்துக்கொண்டு எழுதும் கடிதம் இல்லை. அந்த நீல ஸ்வெட்டரை எந்தப் பெட்டியில் வைத்தாய் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் கேட்கலாம் என்றால், நாற்பது நாளாக நான் எப்போது கூப்பிட்டாலும் "அம்மா குளிச்சிட்டிருக்காம்மா" என்கிறார் அப்பா. காலையில் குளியல், மதியம் குளியல், சாயங்காலமும் குளியல். இப்படிக் குளித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

"சம்பளமில்லாத வேலைக்கு ஏரோப்ளேன் ஏறிப் போறவளை இப்பத்தான் பாக்கறேன். பழைய படத்தை ஏலம் போடக் கத்துக்க வெளிநாடு வேற கேக்குதா உனக்கு?" என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை ராஜபோகம். முதல் வாரம் முழுக்கக் கிடங்கில் படங்களைத் திருப்பித் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். எங்கள் மேலதிகாரிக்குத் தூசி மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இல்லாத தூசிகூட அவர் கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்லோரும் பேசுவது வேறு மொழி, உனக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்: "முகத்தை யார் வேணும்னாலும் பாப்பாங்க. நீ படத்தோட முதுகைப் பாரு. எந்தெந்த வீட்ல இருந்துச்சு, எங்க அடிபட்டுச்சு, எல்லாம் அங்கதான் இருக்கும். முகம் ஏமாத்தும், முதுகு பொய் சொல்லாது."

இரண்டாவது வாரம் எழுபத்தாறாம் எண் படம் வந்தது. நம் வீட்டுக் காலண்டர் அளவுதான். ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு ஒரு பெண் பட்டாணி உரிக்கிறாள். முகம் தெரியாது, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உன்னுடையது மாதிரியே. நான் கிளம்பிய காலையில் நீயும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தாய்? வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார், நான் "போயிட்டு வரேம்மா" என்று மூன்று தடவை சொல்கிறேன், நீ திரும்பவே இல்லை. அது கிடக்கட்டும், அன்றைக்கு யாருக்கு அந்தப் பட்டாணி? அப்பாவுக்கு ஆகாது, நீ தொடமாட்டாய், அந்த வீட்டில் பட்டாணி தின்கிறவள் நான் ஒருத்திதான்.

எப்படியோ, அந்தப் படத்தை யாரும் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. விற்காவிட்டால் நான் இங்கே இருக்கப்போகும் ஆறு மாதமும் கிடங்கிலேயே இருக்கும், அதன் எதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். (அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்று நீயாகக் கற்பனை செய்யாதே. இங்கே வெங்காயம் காரம்.) படத்தில் என்னென்ன சேதம் என்று அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. அரைப் பக்கம் எழுதினால் போதும். நான் பூதக்கண்ணாடியும் கையுமாக ஆறு பக்கம் எழுதினேன். மூலையில் கீறல், சட்டத்தில் பூச்சி அரித்த ஓட்டை, ஈ உட்கார்ந்து போன புள்ளி என்று நாற்பத்து மூன்று குறை. ஒன்றுகூடப் பொய்யில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இத்தனூண்டு படத்துக்கு ஆறு பக்கமா, அப்படியானால் இது பெரிய சமாச்சாரம்தான் என்று ஊரே அதன் முன்னால் கூடிவிட்டது! தூசி மேடம் என் முதுகில் தட்டிக்கொடுத்து, "இவ்வளவு சிரத்தையா எழுதின பொண்ணை நான் பார்த்ததே இல்லை" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏலத்தன்று என்னைப் போனில் உட்கார வைத்தார்கள். நேரில் வர முடியாதவர்களுக்கு நான் விலையைச் சொல்ல வேண்டும், அவர்கள் சரி என்றால் கையைத் தூக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஒரு பெரியவர். விலை ஏறிக்கொண்டே போகிறது, அவர் சாவகாசமாகக் கேட்கிறார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு எதுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கு?"

"கோவமா இருக்காங்க சார்."

"யார் மேல?"

"என் மேல சார்" என்று வாயில் வந்துவிட்டது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் சொன்னார்: "எங்க வீட்லயும் ஒருத்தி இப்படித்தான் உக்காந்திருப்பா. தானாத் திரும்பட்டும்னு நானும் வீம்பா இருந்துட்டேன். இப்ப கூப்பிட ஆள் இல்லை. கையைத் தூக்கும்மா."

தூக்கினேன். சுத்தியல் விழுந்தது. அவருக்கே போய்விட்டது.

மறுநாள் பொட்டலம் கட்டியவளும் நான்தான். பழக்க தோஷம், சுற்றுவதற்கு முன்னால் படத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். பார்த்ததும் உன் முதுகு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது குலுங்கிக்கொண்டிருந்தது அம்மா. கோபத்தில் குலுங்குகிறது என்று நினைத்துப் படியிறங்கிவிட்டேன். முதுகைப் படிக்க எனக்கு அப்போது தெரியாதே.

மற்றபடி நான் நன்றாகத் தூங்குகிறேன், யாரையும் தேடவில்லை. அப்பாவுக்கு என் வணக்கம், உன் கோபத்துக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் சம்பளமில்லாத மகள்

பின்குறிப்பு: ஸ்வெட்டர் நான் இங்கே வந்த அன்றே கிடைத்துவிட்டது. உன் தலையணை உறைக்குள் வைத்து மடித்திருந்தாய். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், உறையை இன்னும் துவைக்கவில்லை. வெங்காயம் என்று எழுதியதையும், யாரையும் தேடவில்லை என்று எழுதியதையும் அடித்துவிட்டுப் படி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். அன்றைக்கு ஒருநாள் மட்டும் குளிக்காதே அம்மா.