டாக்டர் பார்த்திராத கெண்டைக்கால்

இதை எதிர்வீட்டு டீச்சரான எனக்கு முதலில் சொன்னவர் அந்த டாக்டரேதான். மனைவி மாடிக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் சொன்னார்.

இரத்தக்குழாய் நோய்களில் அவர் கெட்டிக்காரர். கால் கறுத்துப்போன பிறகு வருவோரைக் கண்டு கண்டு மனம் நொந்து, ஊருக்கே பாடம் நடத்துவதெனக் கைப்பேசியில் நேரலை தொடங்கினார். கேள்வி ஒன்றுக்குக் கட்டணம் முந்நூறு. "நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். குழாய் அடைபடுகிறது என்று பொருள். புகைப்பதை இன்றே நிறுத்துங்கள்!" என்று முழங்குவார். முழங்கிவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் புகைப்பார்.

ஒருநாள் கடைத்தெருவில் மனைவி கேட்டாள்.

"என்னங்க, இது தையல் மெஷின் கடை. இங்க என்ன பாக்குறீங்க?"

"சும்மா, ஊசி என்ன விலைன்னு."

"நேத்து பொம்மைக் கடை. கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்காக ஒரு கடை முன்னாடி நின்னிருப்பீங்களா? கால் வலிக்குதா?"

"ரசனை வளருது, அவ்வளவுதான்."

அவருக்குத் தெரியாதா? தெரிந்ததனால்தான் பயம். எத்தனையோ கால்களை எடுத்த கைக்குத் தம் காலைத் தொட்டுப் பார்க்கத் துணிவில்லை. அவள் கெஞ்சினாள், அழுதாள், பேசாமலும் இருந்து பார்த்தாள்.

அடுத்த நேரலைக்கு ஒரு காணொளி வந்தது. முழங்காலுக்குக் கீழே, பின்புறமிருந்து எடுத்தது. இரு கால்கள் நடந்தன, ஒரு கடை முன் நின்றன, மீண்டும் நடந்தன. 'என் கணவர். சொன்னால் கேட்பதில்லை, டாக்டர்.'

டாக்டர் கொதித்தார். "இந்த ஆளு வேடிக்கை பாக்கல, நடிக்கிறாரு! காலே போயிடும்யா! அந்தம்மா என்ன பண்ணிட்டிருக்கு? சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போம்மா! பாக்கெட்ல இருக்கிற சிகரெட்டைப் பிடுங்கும்மா! நாளைக்குன்னு சொன்னா விடாதே!"

"சரிங்க டாக்டர்" என்றது கதவோரக் குரல். ஒரு கை நேரலைக்குள் நீண்டு அவர் காலரைப் பற்றியது. மறு கை பாக்கெட்டைக் காலி செய்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டல் அனுப்பினார்கள்.

தம் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து பார்த்த மனிதர் யார்?

பரிசோதனையில் பாதிக் குழாய் அடைப்பு. கால் தப்பியது. "புகை கிடையாது. தினமும் நடை, அதுவும் அவளோட! எனக்கு இனி விடிவே இல்லை, டீச்சர்" என்று கண் கலங்கினார்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, கேள்வி கேக்க மளிகைக் காசுலேருந்து கட்டினேனே, அதை எப்ப தரப் போறீங்க?"

"எங்கிட்ட ஏதும்மா பணம்?"

"சிகரெட்டுக்குன்னு அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அதை எடுங்க. எண்ணிட்டேன், சரியா இருக்கு."

டாக்டர் பெருமூச்சுடன் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். சரியாகத்தான் இருந்தது: முந்நூறு.