பல் பிடுங்கப் போனவள் தூண்டில் கோலோடு வந்த கதை

கன்டர்ஸ்வில் ஏரிக்கரை, அலபாமா
திங்கட்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு

டெக்சாஸில் குடியிருந்து, அங்குள்ள மீன்களுக்கு இன்றுவரை ஒரு தீங்கும் செய்யாதவரும், என் மனைவி நடீனின் ஒரே தம்பியுமாகிய மச்சான் ராய்ஸ் அவர்களுக்கு, அத்தான் வெண்டல் டட்டில் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். நாய் சுகம். படகும் சுகம், ஓட்டை அடைத்த பிறகு தண்ணீர் கணுக்கால் வரைக்கும்தான் வருகிறது. உன் அக்காள் ரொம்ப ரொம்பச் சுகம். அதுதான் எனக்கு வந்த கேடு. அங்கே நீயும் உன் சம்சாரமும், உன் தலையில் பாக்கியிருக்கும் நாலு முடியும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் என்பது உனக்குத் தெரிந்ததே. எப்போதும் என் கடிதத்தை நடீன்தான் வாசித்துத் திருத்தித் தருவாள். இதை அவள் கண்ணில் காட்டப் போவதில்லை. அதனால் தப்பிருந்தால் நீயே திருத்திக்கொள். நீ காலேஜுக்குப் போனவன், இதற்காவது அது உதவட்டும்.

மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காள் என்னை விட்டுப் போய்விட்டாள். பதறாதே, வீட்டை விட்டு இல்லை, அடுக்களையில்தான் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். என் தூண்டில் கோலை விட்டுப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷமாய் இந்த ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது இந்த வெண்டல் கட்டின கோல். மொட்டைக் கோலை வாங்கி, தரையில் ஊன்றி வளைத்து, அது எந்தப் பக்கம் புரண்டு படுக்கிறதோ அதுதான் முதுகு என்று கண்டுபிடித்து, அந்த முதுகு பார்த்துத் தூண்டில் நரம்பு ஓடும் வளையம் வைத்து, அதை நூல் சுற்றிக் கட்டி, பசை பூசி, மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டுக் காய வைத்து, இப்படி எத்தனை கட்டியிருப்பேன். அப்பேர்ப்பட்டவன் பெண்டாட்டி போன மாசம் கடைவாய்ப் பல் வலி என்று பெட்டிபோன் டாக்டரிடம் போனாள். இரண்டு மூன்று தடவை போனவள் பல்லை விட்டுவிட்டு ஒரு தூண்டில் கோலோடு வந்து நிற்கிறாள்!

அந்தப் பல்லு டாக்டருக்கு ஓய்வு நேரத்துல கோல் கட்டுற பைத்தியம் பிடிச்சு ரெண்டு வருஷமாச்சு. நோயாளிங்க உட்கார்ற அறையில பூராவும் கோலாத் தொங்குது. பல்லுக்குச் சிமெண்ட் வைக்கிற பொடிப் பொடிக் கருவியாலதான் பசை பூசுறானாம். நூல் சுற்று ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, முடி நுழைய இடமில்லாம இருக்கும்னு ஊரே பேசுது. இருக்காதா பின்னே? அவன் கட்டுறது வாரத்துக்கு ஒண்ணு. நான் கட்டுறது நாலு. நானும் ஒருத்தன் வாயில பஞ்சை வச்சு அடைச்சு, பேசவிடாம உட்கார வச்சுக்கிட்டுச் செஞ்சா என் சுற்றும் நேராத்தான் வரும்.

"இது என்னடி?"ன்னு கேட்டேன்.

"கோல்"ங்கிறா.

"கோல்னு தெரியுது. நம்ம வீட்டுல கோலுக்கா பஞ்சம்? கராஜுல முப்பது நிக்குதே!"

"அது எல்லாம் ஊருக்கு. இது எனக்குன்னே கட்டினது. டாக்டர் என் முழங்கையிலருந்து மணிக்கட்டு வரைக்கும் அளவெடுத்துக் கைப்பிடி வச்சிருக்காரு. பாரு, என் பேரு."

பார்த்தேன். கைப்பிடிக்கு மேல பச்சை மையில 'நடீனுக்காக, பெட்டிபோன் கட்டியது'ன்னு முத்து முத்தா எழுதியிருக்கு. மச்சான், எனக்குப் பேரு கூட அப்புறம். அந்த அளவு! ஒரு மனுஷன் டேப்பை எடுத்து என் பெண்டாட்டி கையை அளந்திருக்கான்! நான் அவளுக்குக் கல்யாண மோதிரம் வாங்கினப்பவே விரலை அளக்கலை, குத்துமதிப்பாத்தான் வாங்கினேன். அது இன்னைக்கும் மாவு பிசைஞ்சா கழண்டு விழுது.

அன்னையிலருந்து எனக்கும் கடைவாய்ப் பல்லு வலி. சத்தியமா. இடது பக்கம். ஆனா செத்தாலும் அவன் நாற்காலியில உட்கார மாட்டேன்னு கிராம்பை அடக்கிக்கிட்டுத் திரியுறேன்.

இதுல போன சனிக்கிழமை நம்ம மீன்பிடிச் சங்கத்தோட புருஷன் பெண்டாட்டிப் போட்டி. நீயே நினைச்சுப் பாரு, என் படகுல, என் பக்கத்துல உட்கார்ந்து, என் பெண்டாட்டி இன்னொருத்தன் கட்டின கோலை வீசினா எவன் என்கிட்டே கோல் கட்ட வருவான்? சமையல்காரன் வீட்டு ஆளே ஓட்டல்ல சாப்பிடப் போன மாதிரி இல்லையா?

அதனால போட்டிக்கு முந்தின புதன்கிழமை அவ தேவாலயத்துக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போன சமயம் அந்தக் கோலை எடுத்துக்கிட்டுக் கராஜுக்குப் போனேன். கெட்ட எண்ணம் இல்லை, பரிசோதனைதான். முதுகைப் பார்த்தேன், சரியா வச்சிருக்கான். வளையத்தோட இடைவெளியை அளந்தேன், சரியா இருக்கு. ஒவ்வொரு நூல் சுற்றா விரலை வச்சுத் தடவினேன், ஒரு பிசிறு கிடையாது. எனக்கு ஆத்திரம் எங்கேயோ ஏறிப்போச்சு. ஒரு தப்பாவது செஞ்சிருந்தா அவனை மன்னிச்சிருப்பேன் மச்சான்! கடைசியில என்ன செஞ்சேன்னா, கைப்பிடியை ஒட்டி யாரு கண்ணுக்கும் படாத அடிப்பக்கமா, குட்டி எழுத்துல, 'சரிபார்த்தது வெண்டல்'னு எழுதினேன். அவ்வளவுதான். சரி பார்த்தேனா இல்லையா? எழுதினது அழியாம இருக்க மேலே தாராளமாப் பசையைப் பூசி, மோட்டாரில மாட்டிச் சுற்றவிட்டேன்.

உனக்குத் தெரியாதில்லே, நீ கோலைக் கடையில வாங்குறவன். பசை காயற வரைக்கும் கோல் சுற்றிக்கிட்டே இருக்கணும். நின்னா பசை முழுக்க அடிப்பக்கம் வடிஞ்சு கட்டி தட்டிப்போகும். நான் உள்ளே போய் டி.வி.யில பேஸ்பால் பார்த்துக்கிட்டே கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா டி.வி. ஓடலை. கரண்ட் போச்சுன்னு கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் போன்ல அவங்க போடுற பாட்டைக் கேட்டு, ஒரு பொண்ணு வந்ததும் அதை நல்லாத் திட்டினேன். அது பொறுமையா, "ஐயா, உங்க தெருவுல எல்லா வீட்டுலயும் கரண்ட் இருக்கே"ன்னுச்சு. அப்பதான் மாடியிலருந்து நடீன் குரல் வருது. "ஏய்யா வெண்டல், முடி காய வைக்கிற மிஷினைப் போட்டேன், ஃபியூஸ் போயிடுச்சு போல!" அவ எப்ப வந்தா, எப்பக் குளிச்சா, ஒண்ணும் தெரியாது. கராஜுக்கு ஓடினேன். கோல் நிக்குது. அடிப்பக்கத்துல அவரை விதை அளவுக்குப் பசை கட்டியா, கண்ணாடி மாதிரிப் பளபளன்னு, கல்லாக் காய்ஞ்சு தொங்குது. கண்ணாடி போடாம எனக்கு அதுக்குள்ளே என்ன இருக்குன்னே தெரியலை, மசமசன்னு இருந்துச்சு. சத்தம் போடாமக் கோலைக் கொண்டுபோய் இருந்த இடத்துல வச்சுட்டேன்.

சனிக்கிழமை வந்துச்சு. நான் படகுல ஏறும்போதே சொன்னேன், "இந்தாடி, என் கோலை எடுத்துக்கோ, பழுப்பு இரையைப் போட்டு அடியில மெதுவா இழு." அவ கேட்கலை. டாக்டர் சொல்லிட்டாராம், தண்ணியில புல்லு மண்டியிருக்கு, கிலுகிலுன்னு சத்தம் போடுற சிவப்பு இரையைப் போட்டு வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கணும், அதுக்குக் கோல் கொஞ்சம் இளக்கமா வளையணும், விறைச்ச கோலா இருந்தா முள்ளு மீன் வாயைக் கிழிச்சுக்கிட்டு வந்துடும்னு. விறைச்ச கோலுன்னா யாரோடது? என்னோடது! படகுல என்னை வச்சுக்கிட்டே சொல்றா!  காலையில மூணு மீன் என் முள்ளுலருந்து கழண்டு போச்சு, அது வேற விஷயம்.

அவ பிடிச்சா மச்சான். அஞ்சு மீன். அதுல ஒண்ணு எட்டரை பவுண்டு. நான்தான் வலையில வாரினேன். ஒரு நிமிஷம் நான் பொறாமையெல்லாம் மறந்து, "அடி என் ராஜாத்தி!"ன்னு கத்திட்டேன். அதைக் கணக்குல சேர்க்காதே.

துறையில எடை போட்டாங்க. முதல் பரிசு எங்க படகுக்கு. தராசுக்காரன் ஹாஸ்கல் ஒலிபெருக்கியில கேட்கிறான், "நடீன் அம்மா, என்ன ரகசியம்?" இவ கோலைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கட்டியைப் பாருங்க. ஆள்காட்டி விரல் வைக்கிற இடத்துல கச்சிதமா ஒரு மேடு. மீன் மூக்கால தொட்டாக் கூட விரலுக்குத் தெரிஞ்சிடுது. டாக்டருக்கு என்ன மூளை பாருங்க!"ங்கிறா.

நான் தின்னுக்கிட்டிருந்த வேகவச்ச கடலையைப் பையோட கீழே போட்டுட்டேன்.

அந்தப் பல்லு டாக்டரும் அங்கேதான் நின்னான். வாய்க்குள்ளே பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, அந்தக் கட்டியை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "விரலுக்கு ரொம்ப வசதியான வேலைப்பாடு"ன்னான்.  அங்கேயே பதினொரு பேரு அவன்கிட்டே அதே மாதிரிப் பசைக் கட்டி வச்ச கோல் வேணும்னு பேரு கொடுத்தாங்க. ஹாஸ்கல் உட்பட! அவன் கையில இருக்கிறது நான் கட்டின கோலு! நியாயமா மச்சான்? அவன் செஞ்ச நல்லதும் அவன் பேருக்கு, நான் செஞ்ச தப்பும் அவன் பேருக்கா? அது என் கட்டின்னு சொல்லணும்னா திருட்டுத்தனமாக் கோலைத் தொட்டதைச் சொல்லணும். சொல்லாட்டி வயிறு எரியுது. பல்லு வேற வலிக்குது.

ஆகவே நீ செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் அக்காவுக்குப் போன் போடு. நான் சொன்னதாகச் சொல்லாதே. பச்சை மை மீனுக்கு ஆகாது, டெக்சாஸில் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள், குடும்பத்துக்கும் நல்லதில்லை என்று உன் படிப்பை எல்லாம் பயன்படுத்திப் பேசு. எப்படியாவது அவள் அந்தக் கோலை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு என் கோலைப் பிடிக்கும்படி செய். அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள், அது ஏன் என்பது இந்த உலகத்தில் எனக்குப் புரியாத இன்னொரு விஷயம்.

உன் வீட்டில் சோளரொட்டி குறையாமலும், உன் படகு மூழ்காமலும், என்றைக்காவது ஒரு நாள் ஒரு குருட்டு மீனாவது உன் முள்ளில் மாட்டவும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்,
வெண்டல் டட்டில்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினதையெல்லாம் மறந்துடு. போன் போடாதே. தபால் தலை தேடப் போன நேரத்துல மேசை மேல இருந்த கடுதாசியை நடீன் எடுத்துட்டா. பேனாவோட உட்கார்ந்து திருத்தி முடிச்சுட்டுக் கூப்பிட்டா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். கோலை எடுத்து, என் கண்ணாடியையும் கையில கொடுத்து, கட்டியைப் பார்க்கச் சொன்னா. உள்ளே 'சரிபார்த்தது வெண்டல்'னு ஒவ்வொரு எழுத்தும் பெருசு பெருசாத் தெரியுது. பசை பூதக்கண்ணாடி மாதிரி ஆகிப்போச்சாம். புதன்கிழமையே பார்த்துட்டாளாம். டாக்டரும் துறையில அதைத்தான் படிச்சிருக்கான், இவதான் சும்மா இருங்கன்னு கண்ணைக் காட்டியிருக்கா.

"அப்ப ஏண்டி ஊரைக் கூட்டி அவனைப் புகழ்ந்தே?"ன்னேன். "நீயா வாயைத் திறந்து, அது என் கட்டின்னு சொல்றியான்னு பார்த்தேன்"ன்னா. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டிருந்தவ அப்புறம் சிரிக்கலை. "ஏய்யா, இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் கட்டுறே. எனக்கு நீ கொடுத்தது எல்லாம் எவனோ வேண்டாம்னு திருப்பிக் கொடுத்த கோலு. போன தடவை கொடுத்ததுல 'பாபுக்காக'ன்னு எழுதியிருந்துச்சு. என் கையை ஒரு நாள் அளந்தியா?"

இதுக்கு ஒரு பதில் உனக்கு வந்தா எழுது.

டேப்பை எடுத்து அவ கையை அளந்தேன். பதினொன்றரை அங்குலம். பல்லு டாக்டர் குறிச்சதா இவ சொல்றது பதினொண்ணேகால்! நானே மூணு தடவை அளந்து பார்த்துட்டேன். செவ்வாய்க்கிழமை என் பல்லைப் பிடுங்க அவன்கிட்டேதான் போறேன். கேட்ட பதினொரு கோல்லயும் கட்டியை எப்படிப் போடுறதுன்னு தெரியாம முழிக்கிறானாம், சொல்லிக் கொடுக்கணுமாம். சொல்லிக் கொடுப்பேன். ஆனா வாயில பஞ்சை வைக்கிறதுக்கு முன்னாடி அவன் அளவு கால் அங்குலம் குறைச்சல்ங்கிறதைச் சொல்லிட்டுத்தான் பல்லைக் காட்டுவேன்.