வேண்டாம் என்று சொன்னவள்

"வேணாம் அங்கிள். இந்தக் கோர்ஸ் உங்க பொண்ணுக்கு வேணவே வேணாம்."

லாவண்யா குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேனேஜர் ஆராவமுதன் உட்கார்ந்திருந்தார். ஆள் சேர்க்கச் சம்பளம் வாங்குகிறவள் ஆளைத் திருப்பி அனுப்புகிறாள் என்று தெரிந்தால், முதலில் அவளைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்.

எதிரே முனிகிருஷ்ணன். பெங்களூர் அல்சூரில் ஓர் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையிலிருந்த கவரில் ஜோகுபாளையத்து வீட்டுப் பத்திரம். ஒன்றரை அறை வீடு. டேட்டா சயன்ஸ் டிப்ளமாவுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி அதைத்தான் ஈடாகக் கேட்டிருந்தது. பக்கத்தில் மகள் ரக்ஷிதா, பி.காம். முடித்தவள், கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ஃபீஸ் ரொம்ப ஜாஸ்தி அங்கிள். உங்க சம்பளத்துக்குத் தாங்காது."

"ஜாஸ்தி இருக்கட்டும்மா. எங்க பில்டிங் பசங்க படிக்கிறதெல்லாம் இதைவிட ஜாஸ்தி. சல்லிசா இருந்தாதான் எனக்கு டவுட் வரும்."

"வேலை கிடைக்கும்னு கேரண்டி கிடையாது. பத்து பேர் படிச்சா ரெண்டு பேருக்குக் கிடைச்சா பெரிசு."

முனிகிருஷ்ணன் மகளைப் பெருமையாகப் பார்த்தார். "கேட்டியா? அந்த ரெண்டுல நீ ஒருத்தி."

மற்ற நாட்களில் வேலை நிச்சயம் என்று லாவண்யா சத்தியம் செய்தாலும் வருகிறவர்கள் சந்தேகப்படுவார்கள்.

இன்றைக்கு மட்டும் ஏன் இந்த வேலை என்று அவளுக்கே புரியவில்லை. வாரம் தவறாமல் ஆள் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பழகியவள்தான். இரக்கம் என்று சொல்லிக்கொண்டாள். தோண்டிப் பார்த்தால் அடியில் கிடந்தது கோபம். அவளும் இதே கோர்ஸில் சேர்ந்து, கடனில் விழுந்து, எங்கும் வேலை கிடைக்காமல் கடைசியில் இங்கேயே ஆள் பிடிக்க உட்கார்ந்தவள். சேர வந்த அன்று ஒரே ஒருத்தர் தடுத்திருந்தால் எழுந்து போயிருப்பேனே என்று எத்தனையோ ராத்திரி பொருமியிருக்கிறாள்.

"அங்கிள், சும்மா கிடைக்கிற கவர்மெண்ட் டிரெய்னிங் இருக்கு. அக்கவுண்ட்ஸ் கத்துக்கிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சேரட்டும். அதுபோதும் இவளுக்கு."

முனிகிருஷ்ணனின் முகம் சட்டென்று சுருங்கியது.

"அதுபோதுமா? எங்க நாலாவது மாடி டாக்டர் பையன் வந்து உக்காந்தாலும் இதையேதான் சொல்லுவியாம்மா?"

டாக்டர் பையன் இந்த மாடிப்படியில் காலே வைக்கமாட்டான். இல்லாதவர்களுக்கென்றே விலை வைத்துச் செய்த படிப்பு இது. அதை எப்படிச் சொல்வது?

ஜிப் சத்தம் நின்றது. "அப்பா, நான் அரைமனசாத்தான் வந்தேன். இப்போ சொல்றேன், சேர்ந்தா இங்கதான் சேருவேன்" என்றாள் ரக்ஷிதா.

கடைசி ஆயுதம் ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுக்க லாவண்யாவுக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தாள்.

"அங்கிள், நான் இங்க படிச்சவதான். இன்னும் கடன் கட்டிக்கிட்டிருக்கேன். படிச்சதுக்கு என்ன ஆச்சுன்னு என்னைப் பாருங்க."

முனிகிருஷ்ணன் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை, சுழலும் நாற்காலி, தலைக்கு மேல் ஓடும் ஏசி.

"இங்க படிச்சு, இங்கயே வேலையா!" என்றார் மலைத்துப்போய். அடுத்த கணம் முகம் கடுகடுத்தது. "ஓ, நீ மட்டும் ஏறிட்ட. இன்னொருத்தி ஏறினா ஆகாது. நம்ம ஆளுங்களே இப்படித்தான். எங்கம்மா உங்க மேனேஜர்? கூப்பிடு!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு ஆராவமுதன் ஓடிவந்தார்.

"சார், இந்த மேடம் எங்களை விரட்டறாங்க! நாங்க படிக்கக் கூடாதா?"

"அய்யய்யோ, யாருங்க சொன்னது?" ஆராவமுதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உடனடியாக ஒரு ஸ்காலர்ஷிப் பிறந்தது. அது ஃபீஸை எவ்வளவு குறைத்தது என்று யாரும் கேட்கவில்லை. பத்திரம் மேஜைக்கு வந்தது. அப்பாவும் மகளும் ரோஷத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். ஆள் சேர்ந்தால் மணி அடிக்கிற வழக்கப்படி வாசலருகில் தொங்கிய பித்தளை மணியை ரக்ஷிதாவையே அடிக்கச் சொன்னார்கள். ஆபீஸே கைதட்டியது. வெளியே போகும்போது முனிகிருஷ்ணன் லாவண்யாவை ஜெயித்த பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இனி வேலை போச்சு என்று அவள் எழுந்து நின்றாள்.

ஆராவமுதன் அவள் தோளைத் தட்டினார். "கில்லாடிம்மா நீ! வேணாம்னு சொல்லியே வித்துட்டியே. நாளைக்கு டீமுக்கு இதை டிரெய்னிங் குடு."

அவர் போனதும் லாவண்யா நாற்காலியில் சரிந்தாள். ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து டீ போடும் பிரிஜெட் அம்மா கப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் எவ்வளவோ சொன்னேன் பிரிஜெட்டம்மா. கேக்கலை. எனக்கு யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவங்க கால்ல விழுந்திருப்பேன்."

பிரிஜெட் அம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லா விழுந்தே போ! நீ உங்கம்மாவோட வந்தன்னிக்கு இதே சீட்டுல இருந்த நிருபமா வேணாம் வேணாம்னு கெஞ்சுச்சே, அந்தப் பொண்ணு மேலதானே நீ மேனேஜர்கிட்ட கம்ப்ளெய்ண்ட் பண்ணே?"