டார்ப்பி பப்பில் ஆறாவது ஆள்

டிம்ப்னா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, மூன்றாவது சுற்றுக்கான ஐந்து கிளாஸ் ஸ்டவுட் பீரும் கவுன்ட்டரில் நுரை அடங்கிப் பழுப்பிலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. அவள் புருஷன் மலாக்கிக்கு ஓடி ஒளிய இரண்டு இடம் இருந்தது. ஒன்று கழிப்பறை. இன்னொன்று பின்பக்கம் சிகரெட் பிடிக்கிற முற்றம். இரண்டுக்கும் டிம்ப்னாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"வந்துட்டாடா," என்றான் தபால்காரன் டைக், உதட்டை அசைக்காமல்.

"பார்க்காத."

"பார்க்கலன்னா போயிடுவாளா?"

"கரடிக்கு அப்படித்தான் சொல்வாங்க."

"கரடிக்கு வீட்டுச் சாவி இருக்காது."

பிரச்சினை ஒரு பீரோ. அதைச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கிவிடும். மூன்று வாரத்துக்கு முன்னால் அட்டைப் பெட்டிகளில் பலகை பலகையாக வந்து இறங்கியது. நாமே கோத்து நிறுத்திக்கொள்ள வேண்டியது. மலாக்கி முதல் நாளே குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். எழுத்தே இல்லை. வெறும் படம். பதினோராம் பக்கத்தில் பலகை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று புரியவில்லை. புத்தகத்தை மூடினான். "நாலு திருகாணி கொறையுது, கம்பெனிக்காரன் தப்பு," என்று டிம்ப்னாவிடம் சொன்னான். அவன் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து பீரோக் கதவு இரண்டும் நடையில் படுத்துக் கிடந்தன. சமையலறைக்குப் போக ஒரு தாண்டல், குளியலறைக்குப் போக இரண்டு தாண்டல். டிம்ப்னாவின் துணியெல்லாம் நாற்காலி மேல், மாடிப்படி மேல், கடைசியில் கட்டிலில் மலாக்கி படுக்கிற பக்கத்தில். நேற்று அவன் மூன்று குளிர்காலக் கோட்டோடு படுத்துத் தூங்கினான்.

காலையில் டிம்ப்னா சொன்னாள்: "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பீரோ நிக்கணும்."

மலாக்கி சொன்னான்: "வாரம் அஞ்சு நாள் பஸ் ஓட்டறேன். மணி அடிச்சா நிக்கிறேன், மணி அடிச்சா போறேன். சனிக்கிழமை எவ மணி அடிச்சாலும் நான் நிக்க மாட்டேன்."

இதை அவன் சொன்னது உண்மை. வாசல் கதவைச் சாத்திவிட்டு, தெருவில் இறங்கி, நாலு வீடு தள்ளிப் போன பிறகு சொன்னான் என்பதும் உண்மை.

இப்போது அவள் பப்புக்குள் நிற்கிறாள். சுற்றிலும் நாலு சிநேகிதர்கள். இவர்கள் முன்னால் பெண்டாட்டி கூப்பிட்டு அவன் எழுந்து போனால் முடிந்தது கதை. இந்தச் சனிக்கிழமை மட்டுமில்லை, இனி வருகிற எல்லாச் சனிக்கிழமையும் போய்விடும். ஃபிப்ஸ்பரோ பேட்டை முழுக்க, அவன் பஸ்ஸில் ஏறுகிற பயணி ஒவ்வொருத்தனும் அதைச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பான்.

ஆனால் மலாக்கி கோட்டை கட்டித்தான் உட்கார்ந்திருந்தான். அந்தக் கோட்டைக்குப் பெயர் சுற்று. ஐந்து பேர் உட்கார்ந்தால் ஐந்து சுற்று. ஒவ்வொருத்தனும் தன் முறைக்கு எல்லாருக்கும் வாங்க வேண்டும். மற்றவன் வாங்கினதைக் குடித்துவிட்டுத் தன் முறைக்கு முன்னால் எழுந்து போகிறவன் மனுஷனே இல்லை. டப்ளினில் தேவாலய உண்டியலை உடைத்தவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, இவனுக்கு இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் டார்ப்பியில் அப்படிப் போனான். அவன் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. முறைமுழுங்கி என்றுதான் சொல்வார்கள். அவன் நாயைக்கூட முறைமுழுங்கி வீட்டு நாய் என்றார்கள்.

மலாக்கி எப்போதும் கடைசி நாற்காலியில் உட்காருவான். கடைசி நாற்காலிக்குக் கடைசி முறை. அதுவரை ராணுவம் வந்தாலும் அவனை எழுப்ப முடியாது.

டிம்ப்னா மேஜைக்கு வந்தாள். மலாக்கி நெஞ்சை நிமிர்த்தினான்.

"இதோ பார் டிம்ப்னா, வர முடியாது. என் முறை இன்னும் வரல. யாரை வேணாலும் கேட்டுப் பார்."

நாலு தலையும் ஆடின. கியோ அண்ணன், கியோ தம்பி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட்டினார்கள். அவர்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார்கள்.

"உன்னை யாரு வரச் சொன்னா?" என்றாள் டிம்ப்னா.

மலாக்கி இதற்குப் பிறகு பேச மூன்று பேச்சு தயாராக வைத்திருந்தான். மூன்றுக்கும் இப்போது வேலை இல்லை.

"கொஞ்சம் நகருங்க லோர்க்கன்." குட்டை ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவுன்ட்டரில் ஊற்றுகிறவன் பக்கம் திரும்பினாள். "ஃபெலிம், எனக்கும் ஒண்ணு. பெரிய கிளாஸ். சின்னதுல ஊத்தி வைக்காத. நானும் இந்தச் சுத்துல சேர்ந்துக்கறேன்."

"அப்போ ஆறு பேரு," என்றான் லோர்க்கன். முகமெல்லாம் பல். அவன் செத்தவர்களை அடக்கம் பண்ணித் தருகிற தொழில் செய்கிறவன். உயிரோடு ஆள் கூடினால் அவனுக்குச் சந்தோஷம்.

"வீட்டுல உனக்கு வேலை இல்லையா?" என்றான் மலாக்கி.

"நெறைய இருக்கு. டீ போடலாம்னு சமையலறைக்கு ஒரு தடவை தாண்டினேன். கப்பு எடுக்க ஒரு தடவை தாண்டினேன். மூணாவது தடவை அப்படியே வாசலுக்குத் தாண்டிட்டேன்."

டைக் சிரித்தான். மலாக்கி முறைத்தான். டைக் சிரிப்பைக் கிளாஸுக்குள் விட்டான்.

"சாப்பிட்டியா?" என்றாள் டிம்ப்னா. "ஃபெலிம், ரெண்டு ஸ்டூ. ஆட்டுக்கறி நெறையப் போடச் சொல்லு. நீ நல்லா சாப்பிடு மலாக்கி. ஒரு அவசரமும் இல்ல. உட்காரு, குடி."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டிம்ப்னா பல் டாக்டர் ஒருவரிடம் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள். கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவனை "உட்காருங்க, ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லி உட்கார வைப்பாள். அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் உட்காரும். இப்போது அதே குரல். மலாக்கிக்கு நாக்கு தானாகக் கடைவாய்ப்பல்லைத் தடவிப் பார்த்தது.

ஸ்டூ வந்தது. ஆவி பறந்தது. மலாக்கி ஒரு கறித்துண்டை வாயில் போட்டான். சொர்க்கம். அப்போதுதான் அவள் ஆரம்பித்தாள்.

"லோர்க்கன், உங்களை ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்டுல பீரோ யாரு நிறுத்தினது?"

"நான்தான். ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா?" டிம்ப்னாவின் கண் கிளாஸ் வாய் அளவுக்கு விரிந்தது.

"பீரோன்னா என்ன டிம்ப்னா? நிக்க வச்ச சவப்பெட்டி. கூட ஒரு கதவு."

"நான் ஒரு மேட்ச் முடியறதுக்குள்ள நிறுத்திட்டேன்," என்றான் டைக்.

"நாங்க பாதி மேட்ச்ல," என்றான் கியோ அண்ணன்.

"அதுலயும் டீ குடிக்க எழுந்து போனோம்," என்றான் கியோ தம்பி.

எல்லாம் பொய். டைக் வீட்டுப் பீரோவை அவன் மச்சினன் நிறுத்தினான், டைக் டார்ச் பிடித்தான், அதையும் தப்பாகப் பிடித்தான். கியோ வீட்டில் பீரோவே கிடையாது, சட்டையெல்லாம் சுவரில் ஆணியில் தொங்கும். மலாக்கிக்கு இது எல்லாம் தெரியும். ஆனால் சிநேகிதன் விடுகிற கதையைப் பெண்கள் முன்னால் உடைக்கக் கூடாது. அதுவும் ஒரு சட்டம். எத்தனை சட்டம் பாருங்கள். ஒன்றுகூட அவனைக் காப்பாற்றவில்லை.

"பாவம், நம்ம மலாக்கியால முடியல," என்றாள் டிம்ப்னா. வருத்தம் கொஞ்சமும் குறையாத குரல். "நாலு திருகாணி கொறையுதாம்."

நாலு ஆண்களும் மலாக்கியை ஆஸ்பத்திரிப் படுக்கையில் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"திருகாணி கொறையாதேப்பா," என்றான் லோர்க்கன் மெதுவாக. "பலகைக்கு அடியில போயிருக்கும். தூக்கிப் பார்த்தியா?"

"தூக்கிப் பார்க்காம இருப்பேனா?" என்றான் மலாக்கி. பார்க்கவில்லை.

"அவரை விடுங்க லோர்க்கன். எல்லாருக்கும் எல்லாம் வராது. அவர் பஸ் நல்லா ஓட்டுவாரு. நாளைக்கு உங்களுக்கு ஒரு மணி நேரம் ஒழியுமா?"

"நாளைக்கு எதுக்கு? இந்தக் கிளாஸ் முடியட்டும். நம்ம பையனை வண்டியை எடுத்துட்டு வரச் சொல்றேன். சாமானெல்லாம் வண்டியிலதான் கெடக்கு."

"எந்த வண்டி?" என்றான் மலாக்கி.

"எங்கிட்ட எத்தனை வண்டி இருக்கு? அந்த வண்டிதான்."

மலாக்கியின் கையில் கரண்டி நின்றது. பிணம் ஏற்றுகிற நீளமான கறுப்பு வண்டி. பக்கமெல்லாம் கண்ணாடி. அது அவன் வாசலில் வந்து நின்றால் கால் மணி நேரத்தில் தெரு முழுக்கத் துக்கம் விசாரிக்கத் தட்டில் சாண்ட்விச்சோடு வரிசையில் நிற்கும். எதிர்வீட்டு அம்மா கறுப்பு உடை போட்டுக்கொண்டு முட்டை சாண்ட்விச் கொண்டு வருவாள். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மலாக்கியால் பீரோ நிறுத்த முடியவில்லை, அதுதான் லோர்க்கன் வந்திருக்கிறார் என்று டிம்ப்னா சொல்வாள். பல் பிடுங்குகிற குரலில் சொல்வாள். எதிர்வீட்டு அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். அதற்குச் செத்தே போயிருக்கலாம்.

"வேணாம்," என்றான்.

"என்ன வேணாம்?"

"லோர்க்கன் வர வேணாம். என் வீட்டுப் பீரோ மேல வேற எவன் கையும் படக் கூடாது."

"எவனோ இல்லப்பா, லோர்க்கன்தானே."

"லோர்க்கன் என்னைத் தொடட்டும். செத்த பிறகு தொடட்டும். பீரோவைத் தொடக் கூடாது."

"சரி, கோவப்படாத. ஸ்டூ ஆறுது பார். உட்காரு."

உட்காரு என்று அவள் சொன்ன பிறகுதான் தான் எழுந்து நிற்பதே மலாக்கிக்குத் தெரிந்தது. நின்றாகிவிட்டது. அவள் சொல்லி உட்கார்ந்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

"உன் முறை வரலன்னு சொன்னியே," என்றாள் டிம்ப்னா. "இன்னும் ஒரு ஆள் இருக்கு உனக்கு முன்னால. சட்டம்னா சட்டம்தானே. நீ பாட்டுக்குக் குடி. நாங்க பார்த்துக்கறோம்."

மலாக்கி கவுன்ட்டருக்கு நடந்தான்.

"ஃபெலிம், என் முறை. இப்பவே ஊத்து."

ஃபெலிம் முப்பது வருஷமாக ஊற்றுகிறவன். தன் முறை வராமல் முன்னால் வந்து நின்றவனை அவன் பார்த்ததே இல்லை. துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

"உடம்பு சரியில்லையா மலாக்கி?"

"ஊத்துன்னா ஊத்து."

"நீ போறியா? அப்போ அஞ்சு போதுமே."

"ஆறு ஊத்து. என்னுதை அவளே குடிக்கட்டும். எவனும் நாளைக்கு என்னை முறைமுழுங்கின்னு சொல்லக் கூடாது."

டைக் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தான். "டேய், மழை பெய்யுதுடா. டிவியில மேட்ச் ரெண்டாம் பாதி இன்னும் ஆரம்பிக்கல."

"விடு கையை."

"மலாக்கி, போகாத," என்றாள் டிம்ப்னா. மூன்று தடவை சொன்னாள். அதில் மூன்றாவது தடவை சத்தமாக, டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பும்படி சொன்னாள். "நான் சொல்றேன்ல. அந்த வேலை உனக்கு எதுக்கு? இங்கயே இரு."

மலாக்கி கதவருகே நின்று திரும்பினான். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் நெஞ்சில் சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நான் எங்க இருக்கணும், எங்க போகணும்னு நீ சொல்லி நான் கேக்கணுமா? கேக்க மாட்டேன். எனக்குத் தோணினா இருப்பேன். எனக்குத் தோணினா போவேன்."

பப்பே கேட்டது. இந்தத் தடவை கதவைச் சாத்துவதற்கு முன்னாலேயே சொன்னான். கியோ அண்ணனும் தம்பியும் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்கள். யாரோ ஒருத்தன் பின்னாலிருந்து மெதுவாகக் கை தட்டினான். டிம்ப்னா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று மலாக்கி நினைத்தான். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மழையில் நடந்தான். குடை இல்லை. தேவையும் இல்லை. ஜெயித்தவன் எதற்குக் குடை பிடிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றினான், பலகையைத் தூக்கினான். நாலு திருகாணியும் அடியில் இருந்தன. பதினோராம் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான், புரிந்தது. விரல் இரண்டு இடத்தில் நசுங்கியது. முழங்கால் தேய்ந்தது. கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய்ப் புதிதாக இரண்டு கண்டுபிடித்தான். ஐந்தே முக்காலுக்குப் பீரோ நின்றது. கதவு இரண்டும் திறந்தன, மூடின. கட்டிலில் தன் பக்கத்தில் கிடந்த கோட்டுகளையெல்லாம் எடுத்து உள்ளே மாட்டினான். வயிறு கத்தியது. சமையலறையில் ஒன்றுமே இல்லை. டார்ப்பியில் அவன் வைத்துவிட்டு வந்த ஸ்டூ இந்நேரம் யார் வயிற்றில் இருக்கும் என்று அவனுக்கே தெரியும்.

இருந்தாலும் தரையில் உட்கார்ந்து பீரோவில் சாய்ந்துகொண்டபோது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்றுவரை பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் அதைச் சொல்கிறான், அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. உட்காரு, குடி, வீட்டுக்குப் போகாதே என்று அத்தனை பேர் முன்னால் டிம்ப்னா தெளிவாகச் சொன்னாள். அதில் ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை.